களை பறிப்பதும் பாடமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. சென்ற ஆண்டு பள்ளித் தோட்டத்துக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். மாலை வரை அரங்கில் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். கிளம்பும்போது விதைப் பொட்டலம் தந்தார்கள். பிள்ளைகளோடு பாத்தி கட்டி வெண்டை போட்டேன், நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு மாணவியின் அம்மா வந்து, “வெயில்ல களை பறிக்கிறது என்னோட போகட்டும்னுதான் புள்ளைய இங்க அனுப்புறேன்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத்தை விட்டுவிடலாமா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

விட வேண்டாம். ஆனால் அந்த அம்மா கேட்டது நியாயம். அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. களை பறித்துவிட்டு வெறும் கையோடு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பாடமாக்கும் வழியை உங்கள் பயிற்சி கற்றுத்தரவில்லை. குறை அங்கேதான்.

நான் பயிற்றுநராக இருந்தபோது ஒருமுறை இருபது ஆசிரியர்களைக் கறிவேப்பிலைச் செடி முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னேன். “எறும்பு”, “காக்கா எச்சம்” என்று எழுதினார்கள். அந்த எச்சம் நகர்ந்தது! ஒருவர் ஈர்க்குச்சியால் தொட்டார். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டது, கூடவே ஒரு வாடை. வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பக்கத்து இலையில் அதே இனத்தின் பெரிய புழு, முழுப் பச்சை. சின்னதில் எச்சம்போல இருப்பது வளர்ந்ததும் ஏன் பச்சையாகிறது என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நான் எழுதி வைத்திருந்த குறிப்பை எடுக்கவே இல்லை. ஆசிரியர் முதலில் இப்படி மாணவராக நின்று பார்க்க வேண்டும். அதுவும் ஒரே நாளில் முடியாது. விதைக்கையில் ஒருமுறை, பூக்கையில் ஒருமுறை, காய்க்கையில் ஒருமுறை என்று ஆசிரியர்கள் ஒன்றுசேர வேண்டும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தை உங்கள் பள்ளியில், பாத்தியோரம் வைக்கக் கேட்டுப் பாருங்கள். வகுப்பை மொத்தமாக வெளியே விடாதீர்கள். பாதிப் பேர் அளக்கட்டும், பாதிப் பேர் வரையட்டும், இருபது நிமிடம் போதும். தண்ணீர் ஊற்றும் முறை மாறி மாறி எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும், உங்களுக்கும். யார் வீட்டுப் பிள்ளை குடம் தூக்குகிறது என்பதை ஊர் கவனிக்கும்.

அந்த அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். பறித்துப் போட்ட களையில் பண்ணைக்கீரை எது, குப்பைமேனி எது, எதைச் சமைக்கலாம், எது மருந்து என்று அவர் சொல்லட்டும். அவர் மகள் கரும்பலகையில் எழுதட்டும்.

ஆடியில் பூசணி போடுங்கள். பெண்பூவின் அடியில் குட்டிக்காய் இருக்கும், ஆண்பூவில் வெறும் காம்புதான். விரியப்போகும் பெண்மொட்டு ஒன்றை முந்தின மாலையே காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். இன்னொன்றைத் தேனீக்கு விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டும் என்ன ஆயின என்று பிள்ளைகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.