எல்லைச் சுவர், கூரைத் தண்ணீர், மாமரக் கிளை: தென்னாப்பிரிக்க டர்பன்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா: பக்கத்து வீட்டுக்காரர் சுவர் கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார். எங்கள் மனைக்குள் ஓர் அடி வந்துவிட்டது போலத் தெரிகிறது. ரொம்ப நாள் பழக்கம், கேட்கவே சங்கடம்.

பதில்: இன்றைக்கே கேளுங்கள் அக்கா. சுவர் எழும்பிவிட்டால், இடிக்கச் சொல்லாமல் நஷ்டஈடு மட்டும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் முடித்துவிடலாம். ஆனால் கண்ணளவை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நில அளவைப் பதிவுகளை வைத்திருக்கும் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் மனையின் வரைபடத்தை வாங்கி எல்லைக்கல்லைத் தேடுங்கள், கிடைக்கவில்லையென்றால் பதிவு பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள், செலவாகும், வழக்குச் செலவைவிடக் குறைவுதான். கல்லை யார் நகர்த்தினாலும் குற்றம். சுவருக்கு பிளான் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று முனிசிபாலிட்டியிலும் விசாரியுங்கள். ஓர் அடிதானே என்று விட்டால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 வருடம் சொந்தக்காரர் போல வெளிப்படையாக அனுபவித்தவருக்கே அந்த நிலம் போய்ச் சேரலாம், பிள்ளைகள் வீட்டை விற்கப் போகும்போதுதான் விஷயம் தெரியும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்தால், இருந்த இடத்தைப் பறிகொடுத்து வந்தவர்கள் நம் பெரியவர்கள். அதற்குப் பிறகு சேர்த்த மண்ணில் ஓர் அடியும் சின்ன விஷயமில்லை.

பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: மேல் வீட்டுக்காரர் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து எங்கள் முற்றத்தில் விடுகிறார். சுவரில் விரிசல்.

பதில்: சரிவில் இயற்கையாக இறங்கும் தண்ணீரைக் கீழே இருப்பவர் ஏற்கத்தான் வேண்டும், குழாய் வைத்துத் திருப்பிவிடுவது வேறு கதை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மண் சரிந்து வீடுகள் போனதைப் பார்த்தோமே தம்பி, தள்ளிப் போடாதீர்கள். மழை பெய்யும்போதே வீடியோ எடுங்கள். விரிசலுக்கான நஷ்டஈட்டைக் கேட்டு, 14 நாள் தவணை கொடுத்து, எழுத்தில் கடிதம் கொடுங்கள். நஷ்டம் 20,000 ராண்டுக்குள் என்றால் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே பணம்தான் கிடைக்கும், குழாயை எடுக்கச் சொல்லித் தடை உத்தரவு வேண்டுமானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான்.

இன்னொருவர்: பக்கத்து மாமரக் கிளை என் கூரைமேல் கிடக்கிறது, வெட்டலாமா?

பதில்: முதலில் அவரை வெட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம், அவர் முற்றத்தில் ஏறக்கூடாது.

ஓர் அம்மா: பக்கத்து வீட்டுக்காரனிடம் சத்தமாகப் பாட்டுப் போடாதே என்று சொன்னதிலிருந்து வாசலில் வந்து மிரட்டுகிறான்.

பதில்: பாட்டுச் சத்தத்துக்கு முனிசிபாலிட்டி, மிரட்டலுக்குப் போலீஸ். தொடர்ந்து வந்தால் 2011ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள் அம்மா, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். தேதி, நேரம், என்ன சொன்னான் என்பதை இன்றிரவிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தனியாக வெளியே போய் அவனோடு பேச வேண்டாம்.