செல்லப் பல்லிக்கு உயிருள்ள சுவர்க்கோழி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வளர்க்கிறேன். கிரிக்கெட் என்று கடையில் சொல்லும் சுவர்க்கோழிப் பூச்சிகள்தான் அதற்கு உணவு. பெரிய பூச்சிகளாக மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு வாரத்துக்குள் பாதி செத்துவிட்டன. கேட்டால், "அது அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. சுவர்க்கோழிக்கு ஆயுளே கொஞ்சம்தான். நல்ல கதகதப்பில் வளர்ந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் இறக்கை முளைத்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் இருந்தாலே அதிகம். நீங்கள் வாங்கியவை அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்திருக்கும். பெட்டிக்குள்ளிருந்து கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தால் அது ஆண் பூச்சிகள் இறக்கையை உரசும் ஒலி. முழுதாக வளர்ந்தவைதான் அப்படிக் கத்தும். ஒரு வாரம் வைத்துப் போட நினைப்பவர், முதுகை மூடும் அளவுக்கு இறக்கை வராத நடுத்தரப் பூச்சிகளை வாங்க வேண்டும். அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு: பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பூச்சி பருமனாக இருக்கக் கூடாது.

மீதிப் பாதிக்குக் கடைதான் பொறுப்பு. வாங்கும்போதே பெட்டியைச் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஒன்றிரண்டு செத்துக் கிடப்பது சகஜம். அடியில் ஈரம் கசிந்து, கறுத்த பூச்சிகள் ஒட்டிக்கொண்டு, திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். தபாலில் வரவழைத்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து, அன்றைக்கே புகார் கொடுங்கள். நாலு நாள் கழித்துப் போனால் "நீங்கள் வைத்த விதம் சரியில்லை" என்பார்கள், மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது. பண்ணைகளில் நோயும் வருவதுண்டு. இந்தப் பூச்சிகளைக் கூட்டமாகக் கொல்லும் டென்சோவைரஸ் 2002 வாக்கில் ஐரோப்பியப் பண்ணைகளையும், 2009-10இல் வட அமெரிக்கப் பண்ணைகளையும் நாசம் செய்தது. அதைத் தாங்கக்கூடியது என்பதால்தான் உடலில் குறுக்குப் பட்டை உள்ள, பேண்டட் கிரிக்கெட் என்னும் இன்னோர் இனத்தைப் பல பண்ணைகள் வளர்க்கத் தொடங்கின. உங்களுக்குத் தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்: வாங்கிய கையோடு பூச்சியைப் பல்லிக்குப் போடாதீர்கள். பயணத்தில் பட்டினி கிடந்த பூச்சியின் குடல் காலி. காற்றோட்டமுள்ள டப்பாவில் முட்டை அட்டைகளை நிறுத்தி வைத்து, கால்சியம் சேர்த்த பூச்சித் தீவனமும் கீரையும் கேரட்டும் கொடுத்து, 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் போடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும், ஈரமான காய்த்துண்டே போதும். சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்குத் தேவையோ தலைகீழ், பாஸ்பரஸைப் போல இரு மடங்கு கால்சியம். இந்தக் குறை தொடர்ந்தால் தாடை மெத்தென்றாகும், கால் எலும்பு வளையும். விலை உயர்ந்த பூச்சி வாங்குவதைவிட நல்ல தீவனத்துக்குச் செலவழிப்பதே லாபம்.

கேள்வி: பூச்சியின் மேல் பூசிக் கொடுக்கும் கால்சியம் தூளில், கால்சியத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் டி3 கலந்தது, கலக்காதது என்று இரண்டு விற்கிறார்கள். பல்லியோடு ஒரு பேக்மேன் தவளையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே டப்பா போதுமா?

பதில்: போதாது. யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் விளக்கு இருந்தால் பல்லி தன் உடலிலேயே டி3 தயாரித்துக்கொள்ளும், அதற்கு வெறும் கால்சியத்தை வழக்கமாகவும் டி3 கலந்ததை எப்போதாவதும் கொடுக்கலாம். விளக்கு இல்லையென்றால் டி3 கட்டாயம் வேண்டும், ஆனால் அது உடலில் தேங்கும் சத்து, ஒவ்வொரு வேளையும் அள்ளிப் பூசினால் கெடுதல். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவளைக்கு வைட்டமின் ஏ தனியாகப் பார்க்க வேண்டும். அது குறைந்தால் நாக்கால் இரையை ஒட்டிப் பிடிக்க முடியாமல் தவிக்கும். பல தவளைகளால் கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்ற இயலாது என்பதால், லேபிளில் ரெட்டினால் (நேரடி வைட்டமின் ஏ) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டப்பா சிறியதாகவே வாங்குங்கள். திறந்த பிறகு வைட்டமின்கள் வீரியம் இழக்கும், பெரிய டப்பாவில் கிடைக்கும் தள்ளுபடி வீண். தூள் பூசிய பூச்சியை உடனே போடுங்கள். விட்டுவைத்தால் மீசையை வாய்க்குள் இழுத்து இழுத்துத் துடைத்து, சற்று நேரத்தில் பளபளவென்று நிற்கும்.

கேள்வி: தோட்டத்தில் பிடித்துப் போட்டால் செலவே இல்லையே? இரவில் பத்துப் பதினைந்தை விட்டுவிட்டுத் தூங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். தோட்டத்துப் பூச்சி எந்த மருந்தடித்த இலையைத் தின்றதோ தெரியாது. தப்பித்தவறி மின்மினி ஒன்று சேர்ந்துவிட்டால், சில இனங்களில் உள்ள நஞ்சு பல்லியைக் கொன்றுவிடும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழி பசித்தால் தூங்கும் பல்லியின் தோலையும் விரல்களையும் கடிக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது இரண்டிரண்டாகப் போடுங்கள், கால் மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள்.