நாலு டேபிளில் ஒரே கை: கேள்வி பதில்

கீழே உள்ள கணக்கெல்லாம் இணையத்தில் ஆடும் டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கருக்கு, 6 பேர் டேபிளுக்கு. இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும்; ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. ஒரு டேபிளில் மணிக்கு 75 கை என்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாலு டேபிள் திறந்து ஆடுறேன். நேத்து ரெண்டு டேபிள்ல ஒரே நேரத்துல ஆட்டின் ஏஸ், கிளாவர் 9. எல்லா டேபிளுக்கும் ஒரே சீட்டுக்கட்டுதானா?

பதில்: இல்லை தம்பி. ஒவ்வொரு டேபிளுக்கும், ஒவ்வொரு கைக்கும் கட்டு தனியாகக் கலைக்கப்படுகிறது. 52 சீட்டில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஆக, இந்த டேபிளில் வந்த அதே இரண்டு சீட்டு அந்த டேபிளிலும் வர 1,326-ல் ஒரு வாய்ப்பு. ஆனால் நீங்கள் பார்ப்பது இரண்டு டேபிளை மட்டும் அல்ல. நாலு டேபிளில் ஜோடிகள் 6: 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4. அதனால் 6/1,326, அதாவது 221-ல் ஒன்று. ஒரு டேபிளில் பாக்கெட் ஏஸ் (கையில் இரண்டும் ஏஸ்) வருவதும் சரியாக இதே 221-ல் ஒன்றுதான். எல்லா டேபிளிலும் ஒவ்வொரு கை போடுவதை ஒரு சுற்று என்போம். மணிக்கு 75 சுற்று என்றால் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இந்த ஒற்றுமை கண்ணில் பட வேண்டும்.

டேபிள்கள் ஒரே நொடியில் சீட்டுப் போடுவதில்லை. அதனால் "இப்போதுதானே அங்கே இதே கை வந்தது" என்று முந்தின சுற்றையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். அப்போது ஒப்பிடும் ஜோடிகள் 6-லிருந்து 22 ஆகிவிடும் (இந்தச் சுற்றுக்குள் 6, முந்தின சுற்றோடு 4×4 = 16). மணிக்கு ஒன்றுக்கு மேலேயே வரும். இஸ்பேடா ஆட்டினா என்று பார்க்காமல் ஏஸும் 9-ம் என்று எண்ணை மட்டும் பார்த்தால், ஒரே சுற்றுக்குள்ளேயே மணிக்கு ஐந்து தடவை.

கேள்வி: அதே மாதிரி பாக்கெட் ஏஸ் ரெண்டு டேபிள்ல சேர்ந்து வந்தா?

பதில்: அது உண்மையிலேயே அரிது. குறிப்பிட்ட இரண்டு டேபிளில் 48,841-ல் ஒன்று. நாலு டேபிளில் ஏறக்குறைய 8,140 சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது 108 மணி நேர ஆட்டத்துக்கு ஒன்று. எட்டு டேபிள் என்றால் ஜோடிகள் 28 ஆகும். 23 மணி நேரத்துக்கு ஒன்று. டேபிளை இரட்டிப்பாக்கினால் தற்செயல் இரட்டிப்பாவதில்லை, நாலு மடங்குக்கு மேல் போகிறது. இது பிடிபட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

கேள்வி: சார், என் கிங் ஜோடி அடிக்கடி ஏஸ் ஜோடியிடம் மாட்டுகிறது. நேரில் ஆடும்போது இப்படி இல்லையே?

பதில்: நேரில் மணிக்கு 30 கை பார்ப்பீர்கள், நாலு டேபிளில் 300. கிங் ஜோடி 221 கைக்கு ஒன்று. அது வரும்போது எதிரே உள்ள ஐவரில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்க 41-ல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் சுமார் 9,000 கைக்கு ஒரு தடவை: இங்கே 30 மணி நேரம், நேரில் 300 மணி நேரம். விகிதம் மாறவில்லை, நாட்காட்டிதான் சுருங்கியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் தளம் ஏமாற்றவே ஏமாற்றாது என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவே மாட்டேன். 1999-ல் பிளானட் போக்கர் தளம் சீட்டுக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. 52 சீட்டை அடுக்கும் வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டை விதை எண்ணாக, அதாவது கலைப்பைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணாக எடுத்தது. ஒரு நாளில் 8.64 கோடி மில்லிசெகண்டுதான், ஆக அதற்கு மேல் அடுக்குகள் வராது. கணினிக் கடிகாரத்தைச் சர்வரோடு பொருத்தி, ஆய்வாளர்கள் அதைச் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். கையில் உள்ள இரண்டு, ஃப்ளாப்பின் மூன்று (எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் சீட்டுகள்): இந்த ஐந்து சீட்டை வைத்தே முழுக்கட்டையும் சொல்ல முடிந்தது. 2007-ல் அப்சொல்யூட் போக்கர் தளத்தில் எதிராளியின் சீட்டைப் பார்த்தே ஒரு பயனர் கணக்கு ஆடியது, ஆட்டப் பதிவுகளை அலசியதில் அம்பலமானது. இரண்டிலும் பிடிகொடுத்தது நிரலும் பதிவும். "இரண்டு டேபிளில் ஒரே கை" வைத்து எதுவும் பிடிபடவில்லை.

நீங்களே சோதிக்கலாம். எதை எண்ணப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். பிறகுதான் ஆட்டப் பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டும். உதாரணம்: 22,100 கையில் பாக்கெட் ஏஸ் 100 வர வேண்டும். 80-லிருந்து 120 வரை இருந்தால் சாதாரணம். 60 என்றால் தோண்டிப் பாருங்கள். பலர் செய்யும் தப்பு, போக்கர்டிராக்கரில் (ஆட்டப் பதிவை அலசும் மென்பொருள்) 169 கட்டம், அதாவது தொடக்கக் கை வகைக்கு ஒரு கட்டம், உள்ள அட்டவணையைத் திறந்து, வித்தியாசமாகத் தெரியும் கட்டத்தைப் பிடித்துக்கொள்வது. நேர்மையான கட்டிலும் 169-ல் சராசரியாக எட்டுக் கட்டம் தனக்குரிய இதுபோன்ற வரம்பைத் தாண்டி நிற்கும்.

கேள்வி: இந்தியாவில் இதைப் பணம் வைத்து ஆடலாமா?

பதில்: கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைக்கும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது, திறமை ஆட்டமானாலும் சரி. பணமில்லாத டேபிளிலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

கேள்வி: ஒரு டேபிள்ல ஃபோல்டு பண்ண (கையை விட) நினைச்சு இன்னொண்ணுல அமுக்கிடுறேன். பக்கத்து டேபிள் ஃப்ளாப்பும் இதே மாதிரி தெரியுது.

பதில்: இரண்டும் ஒரே கோளாறுதான். உங்கள் முறை வந்ததும் டேபிள் தானாக முன்னால் பாய்கிறது. விரல் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அமைப்பில், டேபிள் இப்படித் தானாக முன்னால் வருவதை நிறுத்துங்கள். 1920×1080 திரையில் இரண்டுக்கு இரண்டாக, ஒவ்வொன்றும் 960×540 அளவில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். நாலு நிறச் சீட்டை (சின்னத்துக்கு ஒரு நிறம்) இயக்குங்கள். டேபிளுக்கு ஒரு பின்னணி நிறம் கொடுங்கள். ஃப்ளாப் ஒன்றுபோல் தெரிந்தால் உடனே இரண்டு கையின் எண்ணையும் குறித்துவைத்துப் பிறகு பதிவில் பாருங்கள். குறிப்பிட்ட இரண்டு டேபிளில் மூன்று சீட்டும் அப்படியே ஒத்துவர 22,100-ல் ஒன்றுதான் வாய்ப்பு. பெரும்பாலும் ஒரு சீட்டு வேறாகவே இருக்கும். இத்தனைக்குப் பிறகும், முடிவெடுக்கத் தளம் தரும் கூடுதல் நேரத்தைத் தொட வேண்டி வந்தால் ஒரு டேபிளை மூடிவிடுங்கள்.