வருஷத்துக்கு ஓர் அணி: மகனை நம்பி அனுப்பலாமா?

டொரொண்டோவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 23 வயது. ஆறடி உயரம், கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். கல்லூரி ஆட்டம் முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு சின்ன கிளப்பில் இடம் இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். 'வருஷத்துக்கு ஒரு ஊர் மாற வேண்டியிருக்கும்' என்றும் சொல்கிறார். இது ஒரு பிழைப்பா? கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?"

அனுப்பலாம் அம்மா. இது பிழைப்புதான், கடினமான பிழைப்பு.

அமெரிக்க ஆட்டக்காரர் இஷ் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் ஆறடி பாயின்ட் கார்டு. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஹூஸ்டனில் தொடங்கி 13 என்.பி.ஏ. அணிகளுக்கு ஆடினார். அந்த லீக்கில் இத்தனை அணி கண்டவர் வேறு யாரும் இல்லை. அதிகமாக ஒரே இடத்தில் இருந்தது டெட்ராய்ட்டில், மூன்று சீசன். பதின்மூன்றாவது அணியான டென்வரோடுதான் 2023-இல் சாம்பியன் ஆனார். ஓர் அணி விட்டால் இன்னோர் அணி கூப்பிட்டதற்குக் காரணம் அவருடைய வேகமும், வந்த உடனே ஆட்டத்தில் பொருந்திக்கொள்ளும் திறமையும்.

அந்தப் பொருந்துதல் லேசான காரியம் இல்லை. என்.பி.ஏ.வில் ஜனவரி 5-க்குப் பிறகு பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று போடுவார்கள். காலையில் விமானத்தில் வந்து இறங்குகிற பையன் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து புது அணியின் ஆட்ட முறைகளைப் படிப்பான். போன வாரம் ஒரு பெயரில் ஆடிய அதே நகர்வுக்கு இங்கே வேறு பெயர் இருக்கும். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தும்போது பழைய பெயர் ஞாபகத்துக்கு வந்தால் ஒரு விநாடி போச்சு, எதிரணி ஆள் தப்பிவிடுவான். ஒரே அணி ஒரே ஆளை ஒரு சீசனில் இப்படி இரண்டு முறைதான் எடுக்கலாம். அப்புறம் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். சாதாரண ஒப்பந்தத்திலும் உறுதியில்லாத சம்பளம் ஜனவரி 10-ஆம் தேதிதான் உறுதியாகும். அதனாலேயே அதற்கு முந்தைய நாட்களில் பலரைக் கழற்றிவிடுவார்கள்.

ஆகவே எத்தனை அணி மாறுவான் என்று கவலைப்படுவதை விடுங்கள். எத்தனை மாதச் சம்பளம் உறுதி என்று பாருங்கள். அடிபட்டால் சம்பளம் தொடருமா? முதல் சில வாரத்தில் "பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்ப கிளப்புக்கு உரிமை இருக்கிறதா? சொல்லும் தொகை வரி போகக் கையில் வருவதா? வீடு, போக வர டிக்கெட், ஏஜென்ட்டின் பங்கு எல்லாம் யார் செலவு? இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு வரி. தகராறு வந்தால் பி.ஏ.டி.யில் தீர்த்துக்கொள்வோம் என்ற வரி. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2007-இல் ஏற்படுத்திய நடுவர் மன்றம் அது. வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும். தீர்ப்புப்படி பணம் தராத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால்தான் அங்கே போக முடியும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவனுடைய ஒப்பந்தத்தில் உள்ளூர் நீதிமன்றம் என்று இருந்தது. மொழி தெரியாத ஊரில் வக்கீல் வைத்து அலைய அவனிடம் காசும் இல்லை, தெம்பும் இல்லை. பாக்கியை விட்டுவிட்டு வந்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். கையெழுத்துக்கு முன்பே யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி, கோடைக்கு ஒரு யோசனை. கனடாவின் சி.இ.பி.எல். லீக் மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நடக்கும், ஐரோப்பிய சீசன் ஓயும் நேரம். உங்கள் டொரொண்டோவின் ஸ்கார்பரோவிலேயே அதற்கு ஓர் அணி இருக்கிறது. இடம் கிடைத்தால் உங்கள் மகன் வீட்டுச் சாப்பாட்டோடு அங்கே ஆடலாம். கோடையில் வேறு அணிக்கு ஆட அந்த ஐரோப்பிய கிளப் அனுமதிக்குமா, எந்தத் தேதியில் விடும் என்று இப்போதே ஏஜென்ட்டிடம் கேட்டு, அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.