'நபர்' வேண்டாம், 'தாய்' அதைவிட வேண்டாம்

வணக்கம். ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பேறுகால நலப் பிரசுரங்களை மொழிபெயர்க்கிறேன். பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் கருவுறலாம் என்பதால் ஆங்கில மூலத்தில் 'பெண்' வராது, பொதுச்சொல்தான் இருக்கும். 'கர்ப்பிணி நபர்கள்' என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்து 'கர்ப்பிணித் தாய்மார்கள்' ஆக்கிவிட்டார். பொதுச்சொல் போட்டால் பெண்கள் காணாமல் போய்விடுவார்கள் என்கிறார். எது சரி?
– ம.

அன்புள்ள ம.,

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். 'நபர்' காவல் நிலையச் சொல். மர்ம நபர், அடையாளம் தெரியாத நபர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பவரை அந்த வரிசையில் நிறுத்த எப்படி மனம் வந்தது? போதாததற்கு, 'கர்ப்பிணி' என்பதே பெண்பால். அதன் வாலில் எதைக் கட்டினாலும் பொதுவாகாது. தமிழில் மரியாதை கொடுத்தாலே பால் போய்விடும்: கருவுற்றவர், கருவுற்றிருப்போர். மருத்துவருக்கு 'பார்ப்பார்' என்று எழுதும் கைதான் படுத்திருப்பவருக்கு 'படுத்திருப்பாள்' என்று எழுதுகிறது.

பெண்கள் காணாமல் போகும் கவலை எனக்கு இல்லை. 2022இல் கருக்கலைப்பு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 'பெண்' என்ற சொல்லை வைத்துக்கொண்டே, பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படும் பிறரும் அதில் அடக்கம் என்றது. 2023இல் கோழிக்கோட்டில் ஒரு திருநம்பி பிள்ளை பெற்றார். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்று குறிக்கக் கேட்டு, 2025இல் கேரள உயர் நீதிமன்றத்தில் அவரும் அவருடைய இணையரும் வென்றார்கள். எந்தப் பெண்ணும் காணாமல் போகவில்லை. இன்னொன்று: பெண்களுக்காகக் கவலைப்பட்ட உங்கள் மேலாளர் எழுதிய தொடரில் 'பெண்' எங்கே?

அந்தத் 'தாய்மார்கள்'தான் என்னை எழுத உட்காரவைத்தது.

என் அக்கா முதல்முறை முழுகாமல் இருந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பதினான்கு. பரிசோதனைக்குத் துணையாக பஸ்ஸில் நான்தான் போவேன். வராந்தாவில் ஒரு குரல் வரும்: 'தாய்மார்கள் எல்லாம் சுவரோரமாக உட்காருங்கள்.' அக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். ஆறாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அதே வராந்தா, அதே குரல்: 'தாய்க்கு மாத்திரை எழுதியிருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.' வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குரலில் கொடுமை இல்லை, பழக்கம்தான். அதனால்தான் கோபம் வருகிறது. கருவுற்ற ஒருவர் தாயாகலாம், ஆகாமல் போகலாம், ஆக விரும்பாமலும் இருக்கலாம். கருவைக் கலைக்க வந்து உட்கார்ந்திருப்பவரையும் 'தாயே' என்கிறோம். அவர் காதில் அது எப்படி விழும்? வேடிக்கை என்னவென்றால், வயிற்றில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் மகா கவனம். ஸ்கேன் அறை வாசலில், ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை தொங்குகிறது, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில். 'குழந்தை அசைகிறது, நன்றாக இருக்கிறது' என்று மருத்துவர் சொல்லலாம், பால் கசியாது. குழந்தையை அஃறிணையில் வைத்த மொழி சட்டத்துக்கு ஒத்தாசை செய்கிறது. சுமப்பவரை என்னவென்று கூப்பிடுவது என்றுதான் யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். பெரும்பாலான இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம். 'நீங்கள் கருவுற்றிருந்தால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள்.' இதில் யார் விடுபட்டார்? கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி எழுதும்போது மட்டும் 'பெண்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, திருநம்பிகளையும் பக்கத்திலேயே சேருங்கள். 'கருப்பைவாய் உள்ளவர்கள்' என்று புத்திசாலித்தனம் காட்டினால், தனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாத என் அத்தை மாதிரி ஒருவர் அந்தத் தாளில் வெற்றிலை மடித்துக்கொண்டு போய்விடுவார்.

அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரே ஒரு 'நபர்' கண்ணில் பட்டாலும் திருப்பி அனுப்புவேன். தபால் செலவு உங்களுடையது.