லீவு முடிந்தும் தம்பி யூனிட்டுக்குத் திரும்பாவிட்டால்

தண்டனை உண்டு. கோத்தகிரிக்கு லீவில் வந்திருக்கும் தம்பி, எல்லைப் பணிக்கு மனசாட்சி ஒப்பவில்லை, திரும்பமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சியைக் காரணம் காட்டி விலக நம் ராணுவச் சட்டத்தில் வழி இல்லை. தரை, கடல், வான் எவ்வழியாக அனுப்பினாலும் போவேன் என்று சேரும்போதே உறுதிமொழி எடுத்திருப்பார்.

வீரர் கீழ்ப்படிய வேண்டியது "சட்டப்படியான உத்தரவு"க்கு; அதில்தான் பலர் குழம்புகிறார்கள். சரணடைந்தவரைச் சுடச் சொன்னால் மறுக்கலாம். போஸ்டிங்கை அப்படி மறுக்க முடியாது.

சும்மா வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் படுமோசம். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 39: லீவு தாண்டினால் 3 ஆண்டு வரை சிறை. 30 நாள் போனால் ராணுவத்தின் விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி) கூடும். களப்பணி (ஆக்டிவ் சர்வீஸ்) உத்தரவுக்குப் பயந்து தலைமறைவானால் பிரிவு 38. அதில் மரண தண்டனை வரை இருக்கிறது.

1. லீவு சர்டிபிகேட்டில் முடியும் தேதியைப் பாருங்கள்.
2. அன்றே ஆஜராகட்டும். மண் சரிந்து குன்னூர் ரோடு அடைத்தால் உடனே யூனிட்டுக்குத் தகவல் போகட்டும். போதிய காரணம் இருந்தால் அது குற்றமில்லை.
3. போன பிறகு, சொந்த வேண்டுகோளில் டிஸ்சார்ஜ் (பணியிலிருந்து விடுவிப்பு) கேட்டு எழுத்தில் மனு கொடுக்கட்டும். சிறையைவிட இதுவே நியாயம் என்பது என் எண்ணம்.

நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீர் என்றால் கதை வேறு: இடையில் விலக மிக அரிதாகத்தான் விடுவார்கள்.