முட்டை சாப்பிட்டு தடிச்சிருச்சு, அலர்ஜி டெஸ்ட்டுக்குப் போறோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல. போன மாசம் கோப்பிக் கடையில தாத்தா அவனுக்கு ஹாஃப் பாயில் முட்டையை ரெண்டு ஸ்பூன் ஊட்டிட்டாரு, கொஞ்ச நேரத்துல வாயைச் சுத்தி சிவந்து தடிச்சு கழுத்து வரைக்கும் பரவிருச்சு, ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். கிளினிக்ல மருந்து குடுத்ததும் அடங்கிருச்சு. இப்ப அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு லெட்டர் குடுத்திருக்காங்க. மாமியார் இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தா சரியா காட்டாது, அஞ்சு வயசு ஆகட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்குன்னு சொல்றாங்க. அவனுக்கு கரப்பானும் (எக்ஸிமா) இருக்கு, ராத்திரி அரிப்புக்கு சிரப் குடுக்கிறேன். டெஸ்ட்ல என்ன செய்வாங்க, ரொம்ப வலிக்குமா?
ஒரு அம்மா, செந்தூல்

பதில்: தங்கச்சி, முதல்ல மாமியார் சொன்னதுக்கு பதில் சொல்லிடறேன். அலர்ஜி டெஸ்ட்டுக்கு குறைஞ்ச வயசுன்னு ஒண்ணும் கிடையாது, கைக்குழந்தைக்கே எடுக்கிறாங்க, அதனால அஞ்சு வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கறது மட்டும் கண்டிப்பா வேண்டாம். டாக்டருங்களும் சில பிள்ளைங்களுக்கு அப்படி செய்வாங்கதான், ஆனா அது பக்கத்துல மருந்தையும் நர்ஸையும் வச்சுக்கிட்டு அளந்து குடுக்கறது. உங்க பையனுக்கு தோல்லயும் வந்திருக்கு, வாந்தியும் வந்திருக்கு, ரெண்டும் சேர்ந்து வந்தா அதை லேசா எடுத்துக்கக் கூடாது, அடுத்த தடவை இதே அளவோட நிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. அத்தைகிட்ட சண்டை போடாம, டாக்டரைப் பார்க்கப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா மனசு மாறும்.

இப்ப அந்த ராத்திரி சிரப். அரிப்புக்குக் குடுக்கிற சிரப் பெரும்பாலும் ஆன்ட்டிஹிஸ்டமின்தான், அதாவது அலர்ஜியை அடக்கற மருந்து, அது உடம்புல இருந்தா தோல்ல எடுக்கிற டெஸ்ட் வேலை செய்யாது, அலர்ஜி இருந்தாலும் இல்லன்னு காட்டிடும். மருந்தைப் பொறுத்து சில நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. நிறைய பேர் கவனிக்காம விடற விஷயம் என்னன்னா சளி மருந்து, ஃபுளூ மருந்துன்னு கிளினிக்ல குடுக்கிற சிரப்லயும் இதே ஆன்ட்டிஹிஸ்டமின் கலந்திருக்கும், அரிப்பு மருந்தைத்தான் நிறுத்திட்டோமேன்னு வந்து உக்காருவாங்க, பார்த்தா முந்தின நாள் மூக்கொழுகலுக்கு ஒரு ஸ்பூன் குடுத்திருப்பாங்க, அப்புறம் டெஸ்ட்டை இன்னொரு நாள் தள்ளி வைக்க வேண்டியதுதான். அதனால அப்பாய்ன்மென்ட்டுக்கு முன்னாடியே போன் பண்ணி, வீட்டுல இருக்கிற எல்லா மருந்து பேரையும் வாசிச்சுக் காட்டி எதை எப்ப நிறுத்தணும்னு கேட்டுக்குங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, முக்கியமா ஆஸ்துமா பம்ப் இருந்தா அதை நிறுத்தவே வேண்டாம். நடுவுல திரும்ப தடிச்சா மருந்தைக் குடுத்துடுங்க, டெஸ்ட் தள்ளிப் போனா போகட்டும்.

டெஸ்ட் அன்னிக்கு பிள்ளை உங்க மடியிலதான் இருப்பான். முழங்கைக்குக் கீழ உள்பக்கம், இல்லன்னா சின்னப் பிள்ளைன்னு முதுகுல, பேனாவால சின்னச் சின்னதா அடையாளம் போடுவாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு வைப்பாங்க, முட்டை வெள்ளைக்கரு, பால், வேர்க்கடலை இப்படி எது தேவையோ அது. அப்புறம் நுனி கூரா இருக்கிற சின்ன பிளாஸ்டிக் குச்சியால அந்த சொட்டு மேல லேசா ஒரு குத்து, அவ்ளோதான், ரத்தம் வராது, தடுப்பூசி போடறப்ப அழற அழுகை கூட பாதிப் பிள்ளைங்க அழாது. கஷ்டம் அதுக்கப்புறம் வர்ற கால் மணி நேரம். தடிச்ச இடம் அரிக்கும், சொறிய விடக் கூடாது, ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டே உக்காரணும். அவனுக்குப் பிடிச்ச பொம்மை, போன்ல கார்ட்டூன், எது வேலைக்கு ஆகுமோ எல்லாத்தையும் அந்த நேரத்துக்குன்னு சேர்த்து வையுங்க. வீட்டுலயே குடுத்து தீர்த்துடாதீங்க.

ஒரு சொட்டு எல்லா பிள்ளைக்கும் தடிக்கும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க. அது ஹிஸ்டமின், அலர்ஜி வந்தா உடம்பு தானா விடற அதே பொருள், தோல் ஒழுங்கா பதில் சொல்லுதான்னு பார்க்கிறதுக்கு வேணும்னே வைக்கிறது. இன்னொண்ணு வெறும் உப்புத்தண்ணி, அது தடிக்கக் கூடாது. இந்த ரெண்டையும் வச்சுத்தான் மத்ததை அளப்பாங்க, உப்புத்தண்ணி வச்ச இடத்தை விட 3 மில்லிமீட்டர் இல்ல அதுக்கு மேல தடிச்சிருந்தா பாசிட்டிவ். தடிப்பு பெருசா இருந்தா அலர்ஜி உண்மையா இருக்க வாய்ப்பு அதிகம்னு அர்த்தம், அடுத்த தடவை ஆபத்து பெருசா வரும்னு அர்த்தம் இல்ல. மருந்தை நிறுத்த முடியாத பிள்ளைக்கும், கரப்பான் பரவி டெஸ்ட் போட நல்ல தோலே இல்லாத பிள்ளைக்கும் ரத்தத்துல ஐஜிஇ, அதாவது அலர்ஜிக்குக் காரணமான ஆன்டிபாடி, இருக்கான்னு பார்ப்பாங்க, அதுக்கு ஆன்ட்டிஹிஸ்டமின் தடை இல்ல, ரிசல்ட் வர மட்டும் சில நாள் ஆகும்.

நான் குழந்தைகள் வார்டுல வேலை பார்த்தவ, அதனால இதை அழுத்தியே சொல்றேன்: டெஸ்ட்டை விட நீங்க சொல்ற கதைதான் டாக்டருக்கு முக்கியம். எதைச் சாப்பிட்டான், எவ்ளோ, எப்படி வெந்தது, எத்தனை நிமிஷத்துல வந்தது, முதல்ல எங்க வந்தது, எப்ப அடங்குச்சு, என்ன மருந்து குடுத்தீங்க, அன்னிக்கு காய்ச்சல் இருந்துச்சா. தாத்தா பக்கத்துல இருந்தவரு, அவர்கிட்டயும் கேட்டு எழுதி வச்சுக்குங்க. போட்டோ எடுத்திருந்தா ரொம்ப நல்லது, தடிப்பு அடங்கிட்டா டாக்டர் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணும் கேட்பாங்க, இதுக்கு முன்னாடி கேக், பிஸ்கட், காயா ரொட்டி சாப்பிட்டிருக்கானான்னு. காயாவுல முட்டை இருக்குன்னு பல பேருக்கு ஞாபகமே வராது. முட்டை அலர்ஜி இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல, மாவோட சேர்ந்து ஓவன்ல நல்லா வெந்த முட்டையைத் தாங்கிக்கும், ஏன்னா அந்த சூட்டுல முட்டையோட புரோட்டீன் மாறிடுது, ஹாஃப் பாயில்ல அது அப்படியே இருக்கு. உங்க பையன் கேக் சாப்பிட்டு ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா டாக்டர் அதை நிறுத்தாம தொடரச் சொல்லலாம். இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லன்னா நீங்களா குடுத்துப் பார்க்காதீங்க, அதுக்குத்தான் ஹாஸ்பிட்டல்ல வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு, பாதி நாள் ஆகும், சந்தேகத்தைத் தீர்க்கிறதுல அதுதான் கடைசி வார்த்தை. நல்ல சேதி, முட்டை அலர்ஜி நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளர போயிடும்.

கேள்வி: மகளுக்கு ரெண்டு வயசு, அடிக்கடி வயிறு சரியில்ல, கன்னத்துல சொறி. கூட வேலை செய்யறவர் சொன்னாருன்னு ஒரு லேப்ல காசு கட்டி நூறு சாப்பாட்டுக்கு மேல ரத்த டெஸ்ட் எடுத்தோம். அரிசி, கோதுமை, கோழி, பால், இறால் எல்லாம் சிவப்புல வந்திருக்கு. இப்ப கேரட் கஞ்சி, உருளைக்கிழங்கு மட்டும்தான் குடுக்கிறோம், எடை குறைஞ்சிட்டே போகுது.
ஒரு அப்பா, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: தம்பி, அந்த ரிப்போர்ட்டை எடுத்து மேல என்ன எழுத்து போட்டிருக்குன்னு பாருங்க. ஐஜிஜி, இல்ல ஐஜிஜி4ன்னு இருந்தா அது அலர்ஜி டெஸ்ட்டே இல்ல. நாம எதை வழக்கமா சாப்பிடறமோ அதுக்கு உடம்பு ஐஜிஜிங்கிற இன்னொரு வகை ஆன்டிபாடியைச் செய்யும், இது சாப்பிட்டதுக்கு அடையாளம், அவ்ளோதான். தினமும் சோறு சாப்பிடற பிள்ளைக்கு அரிசி சிவப்புல வராம இருந்தாத்தான் ஆச்சரியம். சாப்பாட்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தாதீங்கன்னு ஐரோப்பா அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2008லயே சொல்லிட்டாங்க, அமெரிக்கா, கனடா சங்கங்களும் அதையேதான் சொல்றாங்க. ஒரு பச்சைப் பிள்ளை தட்டுல இருந்து சோத்தையும் கோழியையும் பாலையும் ஒரே நாள்ல எடுக்க வைக்கிற காகிதத்தை காசுக்கு விக்கிறதைப் பார்த்தா எனக்கு மனசு பொறுக்கல.

ஐஜிஇன்னு போட்டிருந்தாலும் மொத்தமா எல்லாத்தையும் நிறுத்தறது தப்பு. ஐஜிஇ பாசிட்டிவ்னா உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வச்சிருக்குன்னுதான் அர்த்தம், சாப்பிட்டா ரியாக்‌ஷன் வருமாங்கிறது வேற கேள்வி. உங்க இறாலையே எடுத்துக்குங்க. நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெத்தையில தூசிப்பூச்சி இல்லாத வீடு கிடையாது, அந்தப் பூச்சி உடம்புல இருக்கிற டிரோபோமயோசின்ங்கிற புரோட்டீனும் இறால்ல இருக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்ணு. தூசி ஒத்துக்காத பிள்ளைக்கு இறாலும் பாசிட்டிவா வரலாம், ஆனா அது சார் குவே தியாவ்ல இருக்கிற இறாலை எடுத்துத் தின்னுட்டு நல்லா விளையாடிட்டு இருக்கும். எதைச் சாப்பிட்டு உண்மையிலயே ரியாக்‌ஷன் வந்துச்சோ அதை மட்டும் டெஸ்ட் பண்ணணும்னு சொல்றது இதனாலதான்.

இந்த வாரமே குழந்தைகள் டாக்டரைப் பாருங்க. கிளினிக் கெசிஹாத்தான், அதான் அரசாங்க கிளினிக், போனாலும் போதும், அங்க இருந்து லெட்டர் குடுத்து ஸ்பெஷலிஸ்ட்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் அனுப்புவாங்க. எடை குறையுதுங்கிறதை முதல் வார்த்தையா சொல்லுங்க. நிறுத்தினதை எல்லாம் நீங்களா ஒரே நாள்ல திருப்பிக் குடுக்காதீங்க, ஏன்னா எக்ஸிமா இருக்கிற பிள்ளைக்கு ஒரு சாப்பாட்டை ரொம்ப நாள் நிறுத்தி வச்சிட்டு திரும்பக் குடுக்கிறப்ப, முன்னாடி தாங்கினது தாங்காம போகலாம். எதை வீட்டுல குடுக்கலாம், எதை ஹாஸ்பிட்டல்ல வச்சுக் குடுக்கணும்னு அவங்க பிரிச்சுச் சொல்வாங்க.

கேள்வி: பேரனுக்கு மாட்டுப்பால் அலர்ஜின்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆட்டுப்பால் பவுடர் குடுக்கலாம்னு கடையில சொல்றாங்க, குடுக்கலாமா?
ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம்மா. மாட்டுப்பால் அலர்ஜி இருக்கிற பிள்ளைங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் சேராது, ரெண்டு பாலோட புரோட்டீனும் அவ்ளோ ஒத்துப்போகும். இதுக்குன்னு தனியா செஞ்ச பால் இருக்கு, டாக்டர் எழுதிக் குடுப்பாரு. விலை கூடத்தான், அதையும் டாக்டர்கிட்டயே பேசுங்க, வயசுக்குத் தகுந்த மாதிரி வேற வழி சொல்லலாம்.

கேள்வி: மூத்தவளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. சின்னவனுக்கு இப்ப ஆறு மாசம் ஆகுது, சாப்பாடு ஆரம்பிக்கணும். இவனுக்கு மூணு வயசு வரைக்கும் கடலையே காட்டாம வளர்க்கலாம்னு இருக்கேன், சரியா அக்கா?
பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

பதில்: உங்க பயம் புரியுது. முன்னாடி டாக்டருங்களே அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப அது மாறிடுச்சு. லண்டன்ல லீப்னு ஒரு ஆராய்ச்சி, 2015ல வெளிவந்துச்சு, எக்ஸிமா அதிகமா இருந்த, இல்ல முட்டை அலர்ஜி இருந்த 640 குழந்தைங்க, நாலு மாசத்துல இருந்து பதினொரு மாசத்துக்குள்ள இருந்தவங்க. பாதிப் பேருக்கு கடலை குடுத்தே வளர்த்தாங்க, பாதிப் பேருக்கு குடுக்கவே இல்ல. அஞ்சு வயசுல பார்த்தா குடுக்காத பக்கம் நூத்துக்கு 17 பேருக்கு கடலை அலர்ஜி, குடுத்த பக்கம் நூத்துக்கு 3 பேருக்குத்தான். தள்ளிப் போடறது பாதுகாப்பு இல்லன்னு அதுக்கப்புறம்தான் பல நாடுகள்லயும் அறிவுரையை மாத்தினாங்க.

சின்னவனுக்கு கரப்பான் கடுமையா இருந்தாலோ முட்டை ஏற்கனவே ஒத்துக்கலன்னாலோ குடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க, தேவைன்னா முதல்ல டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்வாங்க. மூத்தவளுக்கு இருக்கிறதால உங்களுக்கு கை நடுங்கும், அதனால அப்படி எதுவும் இல்லன்னாலும் ஒரு தடவை கேட்டுட்டே ஆரம்பிங்க. முழுக் கடலை குடுக்கவே கூடாது, தொண்டையில அடைச்சிடும். கட்டி இல்லாத பீனட் பட்டரை வெந்நீர்ல கரைச்சு கஞ்சியில கலந்து, பகல் நேரத்துல, பிள்ளை நல்லா இருக்கிற நாளா பார்த்து, முதல்ல ஸ்பூன் நுனியில. ஒத்துக்கிட்டா அப்புறம் விடாம வாரத்துல சில தடவை குடுத்துட்டே வரணும். வீட்டுல மூத்தவ இருக்கா, அதனால அவ பக்கத்துல இல்லாதப்ப ஊட்டி, கை வாய் மேசை எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவிடுங்க. ஸ்பூன், கிண்ணம் தனியா இருக்கட்டும்.

கேள்வி: டெஸ்ட் எடுத்தாச்சு, கடலையும் இறாலும் கூடாதுன்னு உறுதியாயிடுச்சு. அடுத்த வாரம் தாஸ்காவுக்கு (குழந்தை பராமரிப்பு நிலையம்) அனுப்பணும். அங்க என்ன சொல்லணும்? தீபாவளி ஓப்பன் ஹவுஸ் வேற வருது.
ஜெலுத்தோங் வாசகி

பதில்: வாயால மட்டும் சொல்லிட்டு வராதீங்க, டீச்சர் லீவு போட்டா அது அவங்களோட போயிடும். ஒரு தாள்ல பிள்ளை போட்டோ ஒட்டி, எது கூடாது, வந்தா எப்படி இருக்கும், என்ன செய்யணும், யாருக்கு போன் பண்ணணும்னு மலாய்லயும் எழுதி சமையல் கட்டுல ஒட்டச் சொல்லுங்க, சமைக்கிற அக்காவுக்கும் காட்டுங்க. டாக்டர்கிட்ட கேட்டா அவங்களே ஆக்‌ஷன் பிளான்னு எழுதிக் குடுப்பாங்க.

நம்ம ஊர்ல கடலையும் இறாலும் கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும். சாத்தே குழம்பு, ரோஜாக், அப்பம் பாலிக்ல கடலை, நாசி லெமாக் பொட்டலத்துல கடலை மேலயே இருக்கும், அதை எடுத்துப் போட்டுட்டு குடுக்கிறதும் சரிப்படாது. பெலாச்சான் இறால்தான், அது சம்பல்ல இருக்கும், பல வீட்டு கீரைப் பொரியல்லயும் இருக்கும். பினாங்கு ரோஜாக்ல ஊத்தற கறுப்பு ஹே கோவும் இறால்தான். பாக்கெட் வாங்கினா ஒவ்வொரு தடவையும் திருப்பி மெங்காண்டுங்கி (இருக்கு), முங்கின் மெங்காண்டுங்கின்னு (இருக்கலாம்) தொடங்கற வரியைப் படிங்க, காச்சாங் தானா (வேர்க்கடலை), ஊடாங்னு (இறால்) இருந்தா திரும்ப வச்சிடுங்க. போன மாசம் வாங்கின அதே பிஸ்கட்தானேன்னு விடாதீங்க, கம்பெனி எப்ப வேணா செய்முறையை மாத்தும். ஓப்பன் ஹவுஸ்ல பலகாரத் தட்டுல ஒரே கரண்டி எல்லாத்துலயும் போகும், அதனால பிள்ளைக்கு வீட்டுல இருந்தே முறுக்கும் கேசரியும் டப்பாவுல கொண்டு போங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

தாஸ்கா தாள்ல பெருசா எழுத வேண்டியது இதுதான். மூச்சு இழுக்குது, குரல் கம்முது, விடாம இருமுது, வெளுத்துப் போய் துவளுது, நிறுத்தாம வாந்தி எடுக்குது, இதுல எது வந்தாலும் சிரப் குடுத்துட்டு காத்திருக்கக் கூடாது. டாக்டர் அட்ரினலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கிற அவசர ஊசி, குடுத்திருந்தா தொடையோட வெளிப்பக்கம் உடனே போடணும், போட்டதும் 999. பிள்ளையைப் படுக்க வைக்கணும், மூச்சு விட கஷ்டப்பட்டா சாய்ஞ்ச மாதிரி உக்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. பேனா எந்த அலமாரியில இருக்குன்னு ரெண்டு டீச்சருக்காவது தெரியணும், அதோட எக்ஸ்பைரி தேதியை உங்க போன் காலண்டர்லயும் போட்டு வையுங்க.